கல்லூரியா, கடையா? – ஒரு வரவு செலவுக் கணக்கு



பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நம் பள்ளத்தாக்கில் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். நம் வீட்டுப் பிள்ளையை என்ன படிக்க வைப்பது என்று நாம் யோசித்துக் கொண்டிருப்போம். அதே நேரத்தில் வாடிக்கையாக மளிகை வாங்கும் ஒரு கூலித் தொழிலாளி கடை வாசலில் வந்து நிற்பார். "அண்ணாச்சி, பையனைக் காலேஜில சேக்கட்டுமா, இல்ல உங்க கடையிலயே விட்டுறட்டுமா?" என்று கேட்பார்.

இந்தக் கேள்வியைப் போகிற போக்கில் கேட்பதாக நமக்குத் தோன்றலாம். ஆனால் நாம் சொல்லும் பதிலை நம்பி அவர் முடிவெடுக்கிறார். ஒரு இளைஞனின் மூன்று, நான்கு வருட வாழ்க்கை நம் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் இருக்கிறது. "படிச்சவன் எல்லாம் சும்மாதான இருக்கான்" என்று சொல்லிவிடுவது எளிது. "படிக்க வையுங்க, படிப்புத்தான் சோறு போடும்" என்று சொல்லிவிடுவதும் எளிது. இரண்டும் கணக்குப் பார்க்காமல் சொல்லும் பதில்கள். ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்குவதற்கே நான்கு இடத்தில் விலை கேட்கும் நாம், இதற்கும் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் முறை.

கடையில் கற்றவர்கள் கல்லூரி கட்டினார்கள்

தொழிலைக் கையால் கற்பது நம் நாட்டு வணிகர்களுக்குப் புதிதல்ல. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய காலத்தில், ஒரு சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேருவான். கணக்கு எழுதப் பழகி, பின்பு அடுத்தாளாக உயர்ந்து, திறமை இருந்தால் மேலாளாகக் கடைப் பொறுப்பையே ஏற்பான். மேலாளாகப் போகிறவருக்கு மூன்று ஆண்டுக் கணக்கு என்று தவணை இருந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்கே ஏணி இருந்தது. இன்று இந்தப் படியில் நிற்கும் பையன் அடுத்து எந்தப் படிக்குப் போவான் என்பது அவனுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

அப்படிக் கடையில் கற்றவர்கள் ஏட்டுப் படிப்பை வேண்டாம் என்று தள்ளவில்லை. விருதுநகர் நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரச் சரக்கின் மீது மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைத்து, அந்தப் பொது நிதியைக் கொண்டு 1885-இல் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1947-இல் அதே ஊரில் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. நம் பள்ளத்தாக்கிலும் அதே கதைதான். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-இல் தொடங்கியது. போடியில் ஏல விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே சி.பி.ஏ. கல்லூரி நடக்கிறது. தேனியில் நாடார் உறவின்முறையின் நாடார் சரஸ்வதி கல்லூரி இருக்கிறது. கடையிலும் தோட்டத்திலும் கையால் தொழில் கற்ற சமூகங்கள்தான் இவற்றைக் கட்டின. தங்களுக்குக் கிடைக்காதது எது என்பதை அந்தப் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆகவே 'கல்லூரியா, கடையா' என்று இரண்டையும் எதிர் எதிராக நிறுத்துவது நம் முன்னோர் வழக்கம் அல்ல. எந்தப் பிள்ளைக்கு, எந்த நேரத்தில், எது முதலில் என்பதே கேள்வி.

போடி ஏலக்கூடம் சொல்லும் பாடம்

நம் கண்ணெதிரே நடக்கும் ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். மலையில் விளையும் ஏலக்காய் போடிக்கு இறங்கி வருகிறது. சல்லடையில் சலித்து எட்டு மில்லி, ஏழு மில்லி, ஆறு மில்லி என்று பிரிக்கிறார்கள். காயின் பச்சை நிறம், வெடித்த காய், ஈரப்பதம், லிட்டர் எடை இவற்றையெல்லாம் பார்த்துத்தான் விலை. ஒரு பிடி காயைக் கையில் அள்ளிப் பார்த்து, இது எந்தத் தரம், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லும் ஆற்றல் எந்தப் பாடப்புத்தகத்தாலும் வராது. அதற்குச் சரக்கின் நடுவே வருடக் கணக்கில் நிற்க வேண்டும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முன்பு வாய்விட்டுக் கேட்டு ஏலம் எடுத்தார்கள். 2007-இல் நறுமணப் பொருள் வாரியம் போடியில் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. மாதிரிக் காயைக் கையில் வைத்துக்கொண்டே, கண்ணெதிரே கணினித் திரையைப் பார்த்து விலை கேட்க வேண்டியதாயிற்று. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் முதல் வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்ப இ-வே பில் வந்தது. கையில் காயின் தரம் தெரிந்தும், திரையில் எண்ணைப் படிக்கத் தெரியாதவர் மற்றொருவரை நம்பியே தொழில் செய்ய வேண்டிய நிலை.

விலையின் ஆட்டத்தையும் பாருங்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்து தோட்டங்கள் சேதமாயின. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-இல் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் கடன் வாங்கிச் சரக்கை இருப்பு வைத்தவர் பாடு என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கைப் பார்த்தால் தரம் தெரியும். ஆனால் வட்டி, இருப்புச் செலவு, எந்த விலைக்கு விற்றால் முதல் தேறும் என்பதெல்லாம் காகிதத்தில் கணக்குப் போட்டால்தான் தெரியும். ஏலக்காய் வியாபாரத்துக்குக் கைப்பழக்கமும் வேண்டும், கணக்குப் படிப்பும் வேண்டும். வாழைக்காய் மண்டிக்கும், திராட்சைக் கமிஷன் கடைக்கும், மளிகைக் கடைக்கும் இதே நிலைதான்.

காகிதம் இல்லாமல் திறக்காத கதவுகள்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்ற பழமொழியை நாம் அடிக்கடி சொல்கிறோம். பெரியகுளம் தோட்டக்கலை நிலையத்திலிருந்து 1989-இல் பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கை வந்தது. விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கும் இந்த முருங்கையை ஆராய்ச்சி நிலையத்தில் ஏட்டறிவு கொண்டவர்கள்தான் உருவாக்கினார்கள். இன்று நம் சந்தையில் அந்த முருங்கைக்காயை விற்றுப் பிழைப்பவர்கள் எத்தனையோ பேர். ஏட்டில் இருந்ததுதான் கறிக்கும் வந்தது, கல்லாவுக்கும் வந்தது.

மருத்துவர், வழக்கறிஞர், ஆடிட்டர், ஆசிரியர், வேளாண் அலுவலர் ஆகிய வேலைகளுக்குப் பட்டமோ அதற்குரிய தேர்வோ இல்லாமல் வழியே கிடையாது. இவை தவிர, நம் வணிகத்துக்குள்ளேயே காகிதம் கேட்கும் கதவுகள் வந்துவிட்டன. மருந்துக் கடை நடத்தப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும். உரம், பூச்சிமருந்து விற்பனை உரிமத்துக்கு 2015 முதல் வந்த மத்திய அரசின் விதித் திருத்தங்கள் படிப்புத் தகுதியைக் கட்டாயமாக்கின. இருபது, முப்பது வருடம் உரக்கடை நடத்தி, இலையைப் பார்த்தவுடன் நோயைச் சொல்லும் அனுபவசாலிகளும் சான்றிதழுக்காக வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று.

அதில் ஒரு நல்ல வழியும் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள 'மேனேஜ்' என்ற தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-இல் 'தேசி' என்னும் பட்டயப் படிப்பை இடுபொருள் விற்பனையாளர்களுக்காகவே தொடங்கியது. 48 வாரம் நடக்கும். வாரத்துக்கு ஒரு நாள்தான் வகுப்பு, அதுவும் சந்தை விடுமுறை நாளில். தோட்டத்துக்கு நேரில் அழைத்துச் சென்றும் பாடம் உண்டு. கடையை மூடாமல் படிப்பையும் முடிக்கலாம். கடைக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு பாதை போட முடியும் என்பதற்கு நம் தொழிலிலேயே இது சான்று.

கடன் வாங்கிப் படித்தால் கணக்கு என்ன?

இனி செலவுப் பக்கத்துக்கு வருவோம். ஒரு எடுத்துக்காட்டுக்கு, நான்கு வருடப் பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்ச ரூபாய் கல்விக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்து. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்.

முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவது லட்சத்துக்கு 40,000. மூன்றாவதுக்கு 30,000. நான்காவதுக்கு 20,000. தனிவட்டியாகவே பார்த்தாலும் மொத்த வட்டி 1,40,000 ரூபாய். ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000. இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,100 ரூபாய் கட்ட வேண்டும். படித்து வந்த பையனுக்கு முதல் வேலையில் பதினைந்தாயிரம் சம்பளம் என்றால், அதில் பாதி பாங்குக்குப் போய்விடும்.

இந்தக் கணக்கைச் சொல்லிப் பயமுறுத்துவது நோக்கமல்ல. அதே கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குத் தொழிற்படிப்புக் கடனில், தவணை தொடங்கும் வரையுள்ள வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியத் திட்டம் 2009-இல் வந்தது. அது கிடைத்தால் மேலே சொன்ன 1,40,000 ரூபாய் மிச்சம். தமிழக அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-இல் வந்தது. அதில் கலந்தாய்வு மூலம் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கின.

இவை தெரியாமல், தரகர் பேச்சைக் கேட்டு, தூரத்து ஊரில் பெயர் தெரியாத கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேரும் கிராமத்துக் குடும்பங்கள் இன்றும் உள்ளன. கடை வாசலில் நம்மைக் கேட்பவருக்கு இந்தச் செய்திகளை எடுத்துச் சொன்னாலே பாதி உதவி செய்தவர்கள் ஆவோம்.

கடை எப்போது பள்ளிக்கூடம் ஆகும்?

கல்லூரிக்குக் கணக்குப் பார்த்த நாம், நம் கடைக்கும் அதே கணக்கைப் பார்க்க வேண்டும். இது சற்றுக் கசப்பான பகுதி.

மாதம் பத்தாயிரம் சம்பளத்தில் ஒரு பையன் நம் கடையில் நான்கு வருடம் இருந்தால் 4,80,000 ரூபாய் வாங்குவான். கடன் இல்லை. படித்தவனைவிட முந்திக்கொண்டான் என்று தோன்றும். ஆனால் நான்காவது வருடமும் அவன் மூட்டை இறக்கி, பொட்டலம் கட்டி, டெலிவரிக்கு வண்டி ஓட்டிக் கொண்டிருந்தால் அவன் கற்றது என்ன? கொள்முதல் விலை அவனுக்குத் தெரியாது. கணக்கு நோட்டை அவன் தொட்டதில்லை. இருபத்திரண்டு வயதில் நம் கடையை விட்டு வெளியே போனால் மறுபடியும் மூட்டைதான். உதவாத பட்டம் வாங்கியவனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் இல்லை. 'கடை அனுபவம்' என்று நாம் சொல்வதில் அனுபவம் இருக்கிறதா, வெறும் வேலை மட்டும் இருக்கிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொழில் ரகசியம் வெளியே போய்விடும், கற்றுக்கொண்டு எதிர்க்கடை போட்டுவிடுவான் என்ற அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. ஓரளவு நியாயமான அச்சம்தான். ஆனால் இன்று நம்மில் கடை வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் வேறொரு பெரியவரின் கடையில் நின்று கற்றவர்கள்தாம். அவர் கற்றுக்கொடுத்ததால் அவர் கடை கெட்டுவிடவில்லை. தனிக்கடை போட்ட பின்பும் அவரிடமே மொத்தச் சரக்கு எடுத்தவர்களும் உண்டு.

கடையைப் பள்ளிக்கூடம் ஆக்க மூன்று வருடப் பாடத்திட்டம் ஒன்றை இப்படி வகுக்கலாம்.

முதல் வருடம் சரக்கு. பருப்பு, அரிசி, மிளகாய், புளி இவற்றின் தரம் பார்த்தல். எந்தச் சரக்கு எந்த மாதத்தில் புதிதாக வரும், எது பூச்சி பிடிக்கும், எப்படி இருப்பு வைப்பது. பாக்கெட் பொருளில் எடை, அதிகபட்ச விலை, காலாவதி தேதி பார்த்தல். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை எதற்கு என்பது. வாடிக்கையாளரிடம் பேசும் முறை.

இரண்டாம் வருடம் கணக்கு. நாள்வழி, பேரேடு, பற்று வரவு, கணினியில் பில் போடுதல், இருப்புச் சரிபார்த்தல், ஜி.எஸ்.டி. விவரம், உணவுப் பாதுகாப்புப் பதிவு. மாதம் ஒரு முறை லாப நட்டம் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் வருடம் கொள்முதலும் கடனும். மதுரை, விருதுநகர் மொத்த வியாபாரிகளிடம் அழைத்துப் போதல். விலை பேசுதல். யாருக்குக் கடன் கொடுக்கலாம், எத்தனை நாளைக்கு, எப்படி வசூலிப்பது. நாம் வெளியூர் போகும் நாட்களில் கல்லாவில் உட்கார வைத்தல்.

மூன்றாம் வருட முடிவில் அவன் எந்தக் கடைக்கும் மேலாளாகப் போகலாம், சொந்தமாகச் சிறு கடையும் வைக்கலாம். நம் சங்கம் அவனைப் பரிசோதித்து, இன்னின்ன வேலை தெரியும் என்று ஒரு சான்று கொடுத்தால் அதற்கு மதிப்பு வரும்.

வயது பற்றி ஒரு எச்சரிக்கை. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி சொந்தக் குடும்பத் தொழிலில்கூடப் பள்ளி நேரம் போக, விடுமுறையில்தான் உதவலாம். பதினான்குக்கு மேல் பதினெட்டுக்குள் அபாயமான வேலை கூடாது. சட்டத்தை விடுங்கள், பிளஸ் டூ முடிக்காத பையன் பிற்பாடு நேரடியாகப் பட்டப் படிப்புக்குப் போக நினைத்தால் வாசலிலேயே தடை. எவ்வளவு வறுமை என்றாலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க விடுங்கள், விட வைக்கச் சொல்லுங்கள்.

நடுவழிகள்

நான்கு வருடப் பட்டம் அல்லது முழுநேரக் கடை என்று இரண்டே வழிகள் இருப்பதாக நினைக்க வேண்டாம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. போகலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேர வழி உண்டு. கைத்தொழிலில் தொடங்கியவனுக்குக் கல்லூரிக் கதவு மூடிவிடவில்லை. தொழில் பழகுநர்களுக்கு நிறுவனம் கொடுக்கும் உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு ஏற்கும் திட்டம் 2016-இல் தொடங்கியது. கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் 'நான் முதல்வன்' திட்டம் 2022-இல் தொடங்கியது.

கடையில் இருந்துகொண்டே பட்டம் படிக்கத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டத்துக்கு இணை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை தவறக் கூடாது. சேருமுன் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். 2010 இறுதியில் நின்ற மதுரை ரயில், 2022-இல் தேனி வரைக்கும் 2023-இல் போடி வரைக்கும் அகலப்பாதையில் திரும்ப வந்துவிட்டது. மதுரைக்குப் படிக்கப் போக ஒரு வழி கூடியிருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மகனுக்குத்தான் 'கல்லூரியா, கடையா' என்று கேட்கிறோம். மகளுக்குக் 'கல்லூரியா, கல்யாணமா' என்று கேட்கும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வணிகவியல் படித்த மகள் வீட்டிலிருந்தே கடையின் கணக்கு முழுவதையும் பார்க்க முடியும். கடையை ஏற்று நடத்தவும் முடியும். மேலே சொன்ன கணக்கு அவளுக்கும் பொருந்தும்.

முடிவெடுக்குமுன் ஐந்து கேள்விகள்

1. பையனுக்கு எதில் கை போகிறது? கோடை விடுமுறையில் இரண்டு மாதம் கடையில் வைத்துப் பாருங்கள். அவனே சொல்லிவிடுவான்.

2. அவன் விரும்பும் தொழிலுக்குச் சட்டப்படி பட்டம் அல்லது சான்றிதழ் வேண்டுமா? வேண்டும் என்றால் பேச்சே இல்லை, படிக்கட்டும்.

3. குறிப்பிட்ட அந்தக் கல்லூரியில், அந்தப் பாடத்தில், சென்ற வருடம் முடித்த நான்கு பேர் இன்று என்ன செய்கிறார்கள்? விளம்பரத்தைப் பார்க்காமல் அந்த நான்கு பேரை நேரில் கேளுங்கள்.

4. கடன் தவணை எவ்வளவு? முதல் வேலைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகுமானால், செலவு குறைந்த அரசுக் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ பார்ப்பது நல்லது.

5. கடைக்கு வருகிறான் என்றால், மூன்று வருட முடிவில் அவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? முதலாளி இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கடைக்கு அனுப்ப வேண்டாம், அது நம் கடையாகவே இருந்தாலும் சரி.

2021-22 ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கெடுப்பின்படி 18 முதல் 23 வயதுக்குரிய உயர்கல்விச் சேர்க்கை விகிதம் அகில இந்திய அளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாட்டிலேயே இது உயர்ந்த விகிதங்களில் ஒன்று. நம் கடைக்கு வேலைக்கு வரும் பையன்களில் பட்டதாரிகள் இனி கூடிக்கொண்டே போவார்கள். பட்டம் வாங்கியவனுக்குத் தொழில் தெரியவில்லை என்று குறை சொல்லிக் கொண்டிருப்பதைவிட, ஆறு மாதம் உட்கார வைத்துத் தொழிலைச் சொல்லிக் கொடுக்கலாம். ஏற்கெனவே கடையில் நிற்கும் பையனை வாரத்துக்கு ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பலாம். இரண்டும் நம் கையில் இருக்கும் காரியங்கள்.

அடுத்த முறை கடை வாசலில் ஒரு தகப்பன் வந்து கேட்டால், அவரை உட்காரச் சொல்லி, ஒரு தாளை எடுத்து, இந்த ஐந்து கேள்விகளையும் அவரோடு சேர்ந்து எழுதிப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். வியாபாரம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.